செத்தாலும் பாதி

அன்வர், சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று உனக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். என் போனை எடுக்காமல் இருக்கிறாய், அனுப்பிய மெசேஜைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். இதற்கு மட்டும் வாய்க்குள்ளாவது பதில் சொல்லிவிட்டு மேலே படி.

உன் கல்யாணப் பத்திரிகையை என் தம்பி, உன் மாமா, கொண்டுவந்து கொடுத்தான். நீ சொல்லியனுப்பியதையும் சொன்னான். அம்மா கல்யாணத்துக்கு வரலாம். ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்கு ஆட்டுப் பட்டியில் நடந்ததற்காக உன் இரண்டு நண்பர்களின் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். என் கூட்டாளி ஸ்டெல்லாவை என்னோடு அழைத்து வரக் கூடாது. இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு, "அவனுக்கு இன்னாக்கா பதில் சொல்லட்டும்?" என்றான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே எழுதிக்கிறேன்" என்றேன். உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தவள் என்று கோட்டக்குப்பத்தில் ஒரு தெரு பாக்கியில்லாமல் பேசியாகிவிட்டது. அதனால் ஒட்டாமல் திறந்தே அனுப்புகிறேன், பேசியவர்களும் படிக்கட்டும். உன் கையைப் பிடித்து வரப்போகிற விழுப்புரத்துப் பெண்ணும் படிக்கட்டும். அவளுக்கு யார் யாரோ சொன்ன கதைதான் தெரியும். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்றால் கடைசிப் பக்கத்தில் அது வரும் என்று நீ தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

நான் ஸ்டெல்லாவை எப்படிப் பிடித்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உன் அத்தா குவைத்திலிருந்து நெஞ்சு வலியோடு திரும்பி வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பக்கத்துக் கட்டிலில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஒரு கொத்தனார். அவர் மனைவிதான் ஸ்டெல்லா. கிளியனூருக்கு உள்ளே தள்ளி அவர்கள் ஊர். சொந்த நிலம் என்று வீடு நிற்கிற இடமும் அதன் பின்னால் ஒரு துண்டும்தான். ஊர்ப் பெரிய வீட்டு ஆடுகளை வாரத்துக்கு வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆடு அவர்களுடையது, பாடு இவளுடையது, பிறக்கிற குட்டியில் பாதிப் பாதி. பேச்சுக்குத்தான் பாதி. நல்ல குட்டியை முதலில் அவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். தாயாடு செத்துப்போனால் அது முழுக்க இவள் கணக்கு. அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் வார்டுக்குள்ளேயே வந்து நின்று, செத்துப்போன ஆட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். காலில் கட்டோடு புருஷன் படுத்திருக்கிறான். நானாக இருந்தால் அழுதிருப்பேன். ஸ்டெல்லா முக்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "பாம்பு கடிச்சி செத்துது. நான் இன்னா பாம்ப வளத்துக்கினா இருக்கேன்? போய் பாம்பாண்ட கேளு. உன் ஆடு எல்லாத்தையும் நாளைக்கே ஓட்டிக்கினு போயிடு, எனக்கு வேணாம்" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. உன் அத்தா ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சிரித்தார். கடைசியாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அத்தா அந்த வருஷமே போய்விட்டார். புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்கிற இத்தா முடிந்து வாசல்படி தாண்டியதும் நான் போன முதல் இடம் கிளியனூர். தையல் மெஷின் வாங்கிப் போட்டு உட்காரு என்று உன் மாமா சொன்னான். நகையை பாங்கில் வை என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஸ்டெல்லா வீட்டு வேப்பமரத்தடியில் போய் நின்று, "நான் ஆடு வாங்கித் தர்றேன், நீ வளக்கிறியா?" என்று கேட்டேன். அவள் சந்தோஷப்பட்டுக் குதிப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாரத்துக்கா? அந்தப் பேச்சே வேணாங்க்கா. அந்தாளுக்குப் பதிலா நீ வந்து நிக்கப் போற, அவ்ளோதான்" என்றாள். பிறகு எப்படி என்றேன். "என்னாண்டயும் ரெண்டு கம்மல் இருக்குது. அத்தயும் போடறேன். என் பாடு, உன் காசு, ரெண்டும் சேந்து ஒரு மந்தை. பொறந்தாலும் பாதி, செத்தாலும் பாதி. செத்ததுல உனக்குப் பங்கு வேணாம்னா, பொறந்ததுலயும் வேணாம்." எனக்கு அந்த வெயிலில் கோபம்தான் வந்தது. பணம் போடுகிறவள் நான், பேரம் பேசுகிறவள் இவளா என்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது கோட்டக்குப்பம் வருவதற்குள் கோபம் போய்விட்டது. மறுநாளே என் வளையல்களை விற்றேன்.

வாங்கியது எல்லாம் நம் பக்கத்துச் சிவப்புச் செம்மறி ஆடுதான். கம்பளி கிடையாது, குட்டை முடி, செங்கல் நிறம், சிலதுக்கு நெற்றியில் மட்டும் வெள்ளை. நம் வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கும். சவுக்குத் தோப்பிலும் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கொல்லையிலும் ஏரிக்கரையிலும் நடந்தே மேயும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், வெளியூர்க் கிடாயைப் போட்டால் குட்டி இரண்டு மடங்கு எடை வரும் என்று வராத ஆளில்லை. அப்படிப் போட்டவர்கள் மந்தையில் முதல் வருஷம் குட்டிகள் கொழுகொழுவென்று வந்ததையும் பார்த்தோம், மழைக்காலத்தில் குளம்பு அழுகி நொண்டியதையும் பார்த்தோம். நாங்கள் கலக்கவில்லை. திருவாமாத்தூர்ப் பக்கம் இதே சிவப்பை வைத்திருந்த ஒரு குடும்பத்தோடு பேசிக் கிடாயை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். ஒரே மந்தைக்குள் உறவு கலந்து குட்டி நோஞ்சானாகிவிடக் கூடாது என்பதற்காக. எந்தத் தாய்க்கு எந்தக் கிடாய் என்று தெரியாமல் ஒரு குட்டி பிறந்தால் அதைக் கறிக்குத்தான் விற்பது, இனத்துக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவுக்கு ஒரு சோதனை வந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது நீ விழுப்புரத்தில் காலேஜ் படித்தாய். எந்தக் கிடாய்க்குப் பிறந்ததோ, வயிற்றில் கறுப்புத் திட்டோடு ஒரு கிடாய்க்குட்டி. பிறந்த நாளிலிருந்தே மற்றதைவிட ஒரு பிடி பெரிசு, என்ன அழகு! திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்து, இனவிருத்திக்கு வேண்டும், கைநிறையப் பணம் தருகிறேன் என்று கேட்டார். ஸ்டெல்லா தருகிறேன் என்றாள். நான் முடியாது என்றேன். "அவுரே கேக்கறாரு, நம்ம இன்னா பொய் சொல்லியா விக்கிறோம்?" "கலப்புன்னு சொல்லிட்டு வில்லு. சொன்னா வாங்குவாரா கேளு." அவர் வாங்கவில்லை. ஸ்டெல்லா என்னோடு பல நாள் பேசவில்லை. அந்தக் கிடாய் கறிக்குத்தான் போனது. அந்தத் திண்டிவனத்துக்காரர் மறுபடி எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உண்மை சொன்னதற்காக யாரும் எங்களுக்கு மாலை போடவில்லை. ஆனால் நாலு பேர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த பக்ரீதுகளுக்கு நம் தெருவிலேயே குர்பானிக் கிடாய்க்கு முதலில் எங்களிடம் சொல்லிவைக்கத் தொடங்கினார்கள். பண்ணை வைக்கிறவர்கள் கிடாய்க்குட்டிக்கு வரிசையில் நின்றார்கள். உன் காலேஜ் பீஸ், ஷார்ஜாவுக்கு நீ போன டிக்கெட், எல்லாம் அந்த வரிசையிலிருந்து வந்ததுதான். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எதன்மேல் நின்றுகொண்டு நீ உன் கம்பெனியைக் கட்டப் பார்த்தாய் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

நீ ஷார்ஜாவிலிருந்து இரண்டு நண்பர்களோடு வந்து ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவைச் சாணியிலிருந்தும் புழுக்கையிலிருந்தும் எழுப்பிவிட வேண்டும் என்று நீ உண்மையாகவே நினைத்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்குச் சில ஆடுகளுக்குப் பணம் போடுவார்கள், கம்பெனி வளர்க்கும், மாதாமாதம் அவர்கள் கணக்கில் ஒரே தொகை விழும், வருஷங்கள் கழித்துப் போட்ட பணமும் திரும்ப வரும் என்றாய். படங்கள் எல்லாம் நம் மந்தை. ஒரு படத்தில் ஸ்டெல்லாவின் முதுகுகூடத் தெரிந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், நினைவிருக்கிறதா?

"ஆடு அஞ்சு மாசம் வயித்துல சுமக்குது. அப்புறம் குட்டி வளரணும். நீ மாசாமாசம் எங்கேருந்து குடுப்ப?"

"அது ரொட்டேஷன்மா. புதுசா சேர்றவங்க பணத்துலேர்ந்து முதல்ல குடுத்துக்கினு இருப்போம். மந்தை பெருசான பிறகு அதுவே பாத்துக்கும்."

"ஆடு செத்தா?"

"இன்வெஸ்டருக்கு நஷ்டமே கிடையாதும்மா. கேரண்டி."

"அப்ப யாருக்கு நஷ்டம்?"

நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். உன் நண்பன் ஒருவன், "ஆன்ட்டி பழைய காலத்துலயே இருக்காங்க" என்றான். நான் பழைய காலத்தில் இல்லை, அன்வர். லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு என்றால் அதற்குப் பெயர் கூட்டு. நஷ்டமே இல்லாமல் நாள் தவறாமல் வருகிற லாபத்துக்கு நம் மார்க்கத்தில் பெயர் வட்டி, அது ஆகாது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம். அதைத் தொப்பி போட்டுக்கொண்டு, பிஸ்மி சொல்லி, நம் ஆட்களிடமே விற்கப் போனாய். எங்கள் ஆடுகள் இதில் வராது என்று அன்றைக்கே சொன்னேன். ஸ்டெல்லாவைக் கேட்காமல் நான் சரி சொல்லவும் முடியாது என்றேன். நீ லேப்டாப்பை மூடிவிட்டு, "பாத்துக்கலாம்மா" என்றாய்.

அந்தப் பாத்துக்கலாம் என்ன என்பது சில வாரம் கழித்து ஸ்டெல்லாவின் போனில் தெரிந்தது. "அக்கா, உன் புள்ள சந்தை ஆட்ட லாரியில கொண்டாந்து நம்ம பட்டியில எறக்கிக்கினு இருக்கான். பந்தல் போடறாங்க, சேர் போடறாங்க. ஒண்ணொண்ணும் இருமிக்கினு நிக்குது. ஜல்தி வா. கத்தலாம்னா உன் மூஞ்சிக்காக அடங்கிப் போக வேண்டிதா இருக்குது." நான் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் கோட்டக்குப்பத்திலிருந்து வேன்களும் வந்துவிட்டன. பந்தலுக்குக் கீழே நமக்குத் தெரிந்த முகங்கள். சவூதியில் புருஷன் இருக்கிற பெண்கள், வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்ட பெரியவர்கள். முன் வரிசையில் கமருன்னிசா. புருஷன் கத்தாரில் வேலை இடத்தில் இறந்து, கம்பெனி கொடுத்த பணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களோடு இருப்பவள். பட்டியில் எங்கள் சிவப்பு ஆடுகளோடு கம்பளி முடி ஆடும் கறுப்பும் வெள்ளையும் நோஞ்சானும் கலந்து நின்றன. எல்லாவற்றின் காதிலும் உங்கள் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் வில்லை. எங்கள் ஆடுகளின் காதிலும். ஓரிரண்டின் காதில் இன்னும் ரத்தம் காயவில்லை.

நீ மைக்கில், "இவங்கதான் என் அம்மா, இந்தப் பண்ணையோட முதுகெலும்பு" என்று சொல்லி என் கையில் மைக்கைக் கொடுத்தாய். நான் கேட்டு வாங்கவில்லை. நீயாகக் கொடுத்தது. கமருன்னிசா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், நீ சொன்னால் சரி என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "சிவப்பு ஆடு மட்டும்தான் எங்களுது. எனக்குப் பாதி, இந்த ஸ்டெல்லாவுக்குப் பாதி. இந்தக் கம்பெனிக்கு அதுல ஒரு குளம்புகூட கிடையாது. மத்த ஆடெல்லாம் இன்னிக்குக் காலையில சந்தையிலேர்ந்து வந்தது. மாசாமாசம் ஒரே காசு தர்ற ஆடு துனியாவுல எங்கயும் இல்ல. போடறவங்க இத்த தெரிஞ்சிக்கினு போடுங்க" என்றேன். நீ மைக் வயரைப் பிடுங்கினாய். நான் மைக் இல்லாமலே பேசினேன். உன் நண்பனின் அப்பா எழுந்து, "யார் ஆடுன்னு இந்தம்மா சொன்னா ஆச்சா?" என்று கத்தினார். ஸ்டெல்லா பட்டிப் படலைத் திறந்து வெளியே போய், ஏரிக்கரை வழியில் நின்று, தினமும் மேய்ச்சலுக்குக் கூப்பிடுகிற குரலில் ஒரு சத்தம் கொடுத்தாள். எங்கள் ஆடுகள் காதில் மஞ்சள் வில்லையோடு அவள் பின்னாலேயே ஓடின. சந்தை ஆடுகள் நின்ற இடத்தில் நின்று இருமின. பிரியாணி அண்டா திறக்காமலே வேன்கள் திரும்பின.

"நீங்க என்னப் பெத்தவங்கதானா?" என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். பெற்றவள்தான். பெறாதவளாக இருந்திருந்தால் என் ஆடுகளை மட்டும் ஓட்டிக்கொண்டு போயிருப்பேன், மீதியை நீ பார்த்துக்கொள் என்று. ஒரு நாள் கமருன்னிசாவின் பெண்கள் உன் சட்டைக் காலரைப் பிடிக்கிற நிலைமை என் பிள்ளைக்கு வரக் கூடாது என்று நினைத்தது பெற்றதனால்தான்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சந்தை ஆடுகளை நீங்கள் யாரும் வந்து ஓட்டிப் போகவில்லை. நானும் ஸ்டெல்லாவும் தள்ளிக் கட்டி வைத்தியம் பார்த்தோம். அதற்குள் இருமல் எங்கள் மந்தைக்கும் தொற்றிவிட்டது. சினை ஆடுகளில் சில, குறைமாசத்திலேயே குட்டியைப் போட்டுவிட்டன, சில செத்தன. நாங்கள் ஆரம்பத்தில் வாங்கிய தாயாடுகளின் வழி வந்தவை. ஸ்டெல்லா குழி வெட்டும்போது நான் மண்ணைத் தள்ளினேன். "இது என் புள்ளையால வந்தது. முழுசும் என் கணக்குல வச்சிக்க" என்றேன். அவள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னைத் திட்டினாள் பார், அதை இங்கே எழுத முடியாது. "அன்னிக்குப் பேசின பேச்சு பேச்சுதான். உன் புள்ள கொண்டாந்தா இன்னா, வானத்துலேர்ந்து வந்தா இன்னா. பாதி" என்றாள். அந்தப் பெண்ணைத்தான் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து வரக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறாய்.

ஊரில் இப்போது என்னிடம் வேறு கதை சொல்கிறார்கள். உன் நண்பர்கள் இரண்டு பேரும் வேறு ஜில்லாவில் அதே கம்பெனியைத் தொடங்கிவிட்டார்களாம், மாதாமாதம் சொன்ன தேதிக்குப் பணம் விழுகிறதாம், நீயும் இருந்திருந்தால் இந்நேரம் கார் வாங்கியிருப்பாயாம். நன்றாக இருக்கட்டும். அவர்கள் விழ வேண்டும் என்று நான் துஆ கேட்கவில்லை. அவர்கள் விழுந்தால்தான் நான் செய்தது சரி என்று ஆகவும் வேண்டாம். நாளைக்கே அவர்கள் மாளிகை கட்டினாலும் நான் அன்றைக்குச் சொன்னதைத்தான் சொல்வேன். மறுபடி மைக்கைக் கையில் கொடுத்தாலும் அதையேதான் சொல்வேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணமும் கூட்டுதான். அந்தப் பெண்ணிடம் கேரண்டி எதுவும் கொடுக்காதே. வேலை போகும், உடம்பு படுக்கும், கோபம் வரும் என்று சொல்லு. அதில் பாதி உன்னுடையது என்று சொல்லு. அவள் படித்த பெண், அவளுக்கு அது புரியும்.

கல்யாணத்துக்கு நான் வருகிறேன். ஸ்டெல்லாவோடு வருகிறேன். முன் வரிசையில் பெண்கள் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல். போடாவிட்டால் நின்றுகொண்டு பார்ப்போம். எங்களுக்கு நின்று பழக்கம். மன்னிப்பை எதிர்பார்த்து யாராவது வாசலில் காத்திருந்தால், கால் வலிக்கும், உட்காரச் சொல்.

இன்னொரு விஷயம். எனக்கு மூட்டு பிடித்துக்கொள்கிறது. முன்போல ஏரிக்கரை வரை நடக்க முடியவில்லை. என் பங்கு எனக்குப் பிறகு உனக்குத்தான் வரும், அதை யாருக்கும் எழுதி வைக்க மாட்டேன். ஆனால் தெரிந்துகொள், உனக்கு வருவது ஆடு இல்லை, கூட்டு. ஸ்டெல்லாவைக் கேட்காமல் ஒரு குட்டியைக்கூட நீ அவிழ்த்துக்கொண்டு போக முடியாது. அன்வர் வந்தால் சேர்த்துக்கொள்வாயா என்று போன வாரம் அவளைக் கேட்டேன். மல்லாட்டைக் கொடியை உதறிப் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"வரட்டும். ஒரு மழைக்காலம் முழுக்க பட்டியில புழுக்க அள்ளட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

உன் அம்மா